நாணயம் சுண்டிப் பெயர் வைத்த பந்தயமா? எப்சம் டெர்பியும் மூன்று வயதுக் கணக்கும்

8 ஜூன் 2025, வாசகர் ஒருவர் தொடங்கியது

நேற்று இங்கிலாந்தின் எப்சமில் நடந்த டெர்பி குதிரைப் பந்தயத்தில் லாம்போர்ன் என்ற குதிரை வென்ற செய்தியைப் படித்தேன். பந்தயத்துக்கு டெர்பி என்று பெயர் வந்ததே பூவா தலையா போட்டுத்தான் என்று அதில் எழுதியிருந்தார்கள். 12ஆம் டெர்பி பிரபுவும் சர் சார்லஸ் பன்பரியும் நாணயம் சுண்டினார்களாம், டெர்பி ஜெயித்தாராம். அது மறுபக்கம் விழுந்திருந்தால் அமெரிக்காவில் கென்டக்கி பன்பரியும் மும்பையில் இந்தியன் பன்பரியும் ஓடிக்கொண்டிருக்கும். இது உண்மையா? இன்னொன்று, மூன்று வயதுக் குதிரை மட்டுமே ஓடலாம் என்ற விதி எதற்கு? நான்கு வயதில் குதிரை கிழமாகிவிடுமா?

8 ஜூன் 2025, இரவு

நாணயக் கதைக்கு அந்தக் காலத்து ஆவணம் எதுவும் சாட்சி சொல்லவில்லை. பிற்காலத்தில் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதை அது. உறுதியானவை வேறு. 1779இல் எப்சம் மேட்டுப் புல்வெளியில் மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகளுக்கு மட்டும் ஒன்றரை மைல் பந்தயம் ஒன்றை டெர்பி பிரபுவும் அவருடைய நண்பர்களும் தொடங்கினார்கள். அருகில் இருந்த தம் மாளிகையின் பெயரான ஓக்ஸ் என்பதையே அதற்கு அவர் வைத்தார், அவருடைய பிரிட்ஜெட் என்ற பெட்டையே அதை வென்றது. மறு ஆண்டு ஆண், பெட்டை இரண்டும் சேர்ந்து ஓடும் பந்தயம் ஒன்று சேர்க்கப்பட்டது. 1780 மே 4ஆம் தேதி ஒன்பது குதிரைகள் ஓடின. டாட்டன்ஹாம் வளைவைத் திரும்பி வந்து வென்றது பன்பரியின் டயோமெட், அதன் மேல் இருந்த ஜாக்கி சாம் ஆர்னல்.

ஆக, பெயர் டெர்பிக்கும் பரிசு பன்பரிக்கும் போயிற்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எவரோ இடையில் ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டார் என்பது என் ஊகம். தொடங்கி வைத்தவர் பெயரைப் பந்தயத்துக்கு வைப்பதற்கு நாணயம் தேவையில்லை.

வயதுக் கேள்விதான் கனமானது. நான்கு வயதில் குதிரை கிழமாவதில்லை, அப்போதுதான் முழு வலுவுக்கு வரும். விதி இருப்பதே அதனால்தான்.

9 ஜூன் 2025

இதில் எனக்கு ஏன் அக்கறை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஈரோடு மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது லண்டனுக்குத் தெற்கே சட்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். எப்சம் பக்கத்து ஊர். வாழ்நாள் முழுவதும் மாட்டுக்கும் குதிரைக்கும் வயது சொன்னவன், வயதின் பெயரால் நடக்கும் பந்தயம் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு எதில் அக்கறை கொள்வது?

மூன்று வயதுக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் பெரிய பந்தயம் என்றால் ஐந்து, ஆறு வயதுக் குதிரைகள் நான்கு மைல் ஓடுவது, அதையும் ஒரே நாளில் இரண்டு மூன்று சுற்றாக ஓடி முடிப்பது. வளர்ப்பவர் தம் குட்டி தேறுமா தேறாதா என்று அறிய ஐந்தாண்டு தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. பந்தயம் கட்டுபவர்களுக்கும் அந்த நீண்ட ஓட்டங்களில் விறுவிறுப்பு குறைவு. தூரத்தைக் குறைத்து, வயதையும் குறைத்தால் குதிரைகள் நெருக்கமாக வந்து சேரும், முடிவு யாருக்கும் தெரியாது, பணம் விரைவாகப் புரளும். டான்காஸ்டரில் 1776இல் தொடங்கிய செயின்ட் லெஜர் என்ற பந்தயம் மூன்று வயதுக்கு என்று வந்தது இந்தக் காற்றில்தான். ஓக்ஸும் டெர்பியும் அதைப் பின்தொடர்ந்தவை.

ஆனால் இவை தொடங்கிய காரணங்கள் மட்டுமே. பந்தயம் இத்தனை மதிப்புப் பெற்ற காரணம் விதியின் விளைவில் இருக்கிறது. ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே ஒரு டெர்பிதான். அன்று காய்ச்சலா, காலில் முள்ளா, ஜாக்கி தவறினானா, எதுவானாலும் அடுத்த ஆண்டு அது உள்ளே வர முடியாது. அரியர் எழுத முடியாத தேர்வு. காயடித்த குதிரைக்கும் இடமில்லை, ஏனென்றால் வென்ற குதிரை பிறகு குட்டி தருவதற்குத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறது. நல்ல சாதிக் குதிரையைத் தேர்ந்தெடுத்தது வல்லுநர்களும் அல்லர், விலங்கியலாளர்களும் அல்லர், ஓட்டம் முடியும் இடத்தைக் காட்ட எப்சமில் நட்டு வைத்த ஒரு மரக்கம்பமே என்ற பொருளில் இத்தாலிய வளர்ப்பாளர் ஃபெடெரிகோ டெசியோ சொன்னதை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்.

9 ஜூன் 2025, சற்றுப் பிறகு

என் முதல் குறிப்பில் ஒரு பிழை. டயோமெட் டாட்டன்ஹாம் வளைவைத் திரும்பி வந்தது என்று எழுதிவிட்டேன். முதல் நான்கு ஆண்டுகள் டெர்பியின் தூரம் ஒரு மைல்தான், 1784இல்தான் ஒன்றரை மைல் ஆயிற்று, அதோடுதான் அந்த வளைவும் பாதைக்குள் வந்தது. இன்றைய எப்சமை மனத்தில் வைத்துக்கொண்டு 1780ஐ எழுதினால் இப்படித்தான் ஆகும். நாணயக் கதை பரப்பியவர்களைக் குறை சொன்ன அதே இரவில் நானும் குதிரையை இல்லாத வளைவில் திருப்பியிருக்கிறேன்.

11 ஜூன் 2025

அந்த வளைவைப் பற்றிக் கேட்டவருக்கு. தட்டையான மைதானத்தில் பழகியவர்கள் எப்சமைப் பார்த்தால் இது பந்தயக் களமா மலைச்சரிவா என்பார்கள். புறப்பட்டதும் முதல் பாதித் தூரம் ஏறத்தாழ 40 மீட்டர் ஏற்றம், பிறகு இடப்புறம் வளைந்தபடியே இறக்கம், அதன் அடியில் டாட்டன்ஹாம் வளைவு, அதன் பிறகு நேர்ப்பாதை. அந்த நேர்ப்பாதையும் சமமாக இல்லாமல் உட்பக்கத் தடுப்பை நோக்கிச் சாய்ந்திருக்கும், கடைசியில் மீண்டும் சிறிது ஏறும். மொத்தம் சுமார் 2,420 மீட்டர். வேகம் மட்டும் உள்ள குதிரை ஏற்றத்தில் சோர்ந்துவிடும், உடல் பருத்த குதிரை இறக்கத்தில் தடுமாறும், பதற்றக்காரக் குதிரை கூட்டத்தைப் பார்த்தே வியர்த்து வலுவை இழந்துவிடும்.

நான் முதன்முதலில் நேரில் பார்த்தது 2016இல். களத்தின் நடுவில் உள்ள குன்றில் நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது. எதிரே மாடத்தில் உயரத் தொப்பியும் வால் கோட்டும், இந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடையோடு குடும்பங்களும் ராட்டினமும் குறி சொல்பவர்களும். எங்கள் பக்கத்துத் தேர்த் திருவிழாவில் தேரைத் தவிர மற்றதெல்லாம் அங்கே இருந்தது. மகள் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தை நான் அங்கேதான் பிரித்தேன்.

அன்று வென்றது இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவராக இருந்த நான்காம் ஆகா கானின் ஹர்சாந்த். காலையில் அயர்லாந்திலிருந்து வந்த பயணத்தில் அதன் லாடம் பெயர்ந்து குளம்பில் குத்திவிட்டது, ஓடுமா ஓடாதா என்பது கடைசி வரை உறுதியாகவில்லை, லாடக்காரரும் மருத்துவரும் குளம்பைப் பனிக்கட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள் என்று மறுநாள் படித்தேன். லாடம் சரியில்லாத வண்டிமாட்டைப் பல முறை திருப்பி அனுப்பியவன் நான். அந்த ஒரு ஆணி ஆழமாக இறங்கியிருந்தால் அந்தக் குதிரைக்கு டெர்பி என்ற ஒன்றே இல்லை. ஒரே வாய்ப்பு என்று 9ஆம் தேதி எழுதியது எனக்குப் புரிந்தது அன்றுதான்.

14 ஜூன் 2025

"மூன்று வயது என்பதை யார் நிரூபிப்பது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் மிகச் சிறந்தது இது. நாணயத்தை விட்டுவிட்டு, பந்தயத்தின் நாணயத்துக்கு வருவோம்.

1844ஆம் ஆண்டு டெர்பியில் முதலில் வந்த குதிரையின் பெயர் ரன்னிங் ரெயின். இரண்டாவது வந்தது ஆர்லாண்டோ, அதன் உரிமையாளர் கர்னல் பீல், அப்போதைய பிரதமர் ராபர்ட் பீலின் தம்பி. ஓடியது ரன்னிங் ரெயினே அல்ல, மக்கபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை என்று பீல் தரப்பு சொல்லிற்று. இந்தச் சந்தேகம் புதியதும் அல்ல. முந்தைய ஆண்டு இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயம் ஒன்றை இதே குதிரை வென்றபோதே வயதைப் பற்றி ஆட்சேபம் எழுந்து, சாட்சியம் போதாமல் தள்ளுபடியாகியிருந்தது. டெர்பிக்கு முன்பே மனு கொடுத்தும், ஓடட்டும், வென்றால் பார்த்துக்கொள்வோம் என்று நடுவர்கள் விட்டுவிட்டார்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிபதி ஆல்டர்சன் கேட்டது ஒன்றே ஒன்று: குதிரையைக் கொண்டுவாருங்கள். பல்லைப் பார்த்தால் முடிந்தது. குதிரை வரவில்லை, எங்கோ மறைக்கப்பட்டுவிட்டது. உரிமையாளராகப் பெயர் கொடுத்திருந்த தானிய வியாபாரி வுட் வழக்கைக் கைவிட்டார், பரிசு ஆர்லாண்டோவுக்குப் போயிற்று. பின்னால் இருந்து நடத்தியவர் குட்மன் லெவி என்ற சூதாட்டக்காரர். இதைத் துருவித் துருவித் துப்பறிந்தவர் ஜார்ஜ் பெண்டிங்க் பிரபு. குதிரையின் அடையாளத்தை மறைக்க மயிர்ச்சாயம் வாங்கிய கடை வரை அவர் தேடிப் போனார் என்பார்கள்.

பல்லைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? குதிரைக்கு இரண்டரை வயதை ஒட்டி முன்வரிசையின் நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து பெரிய பற்கள் வரும். மூன்றரையில் அவற்றை அடுத்த இரண்டு, நாலரையில் ஓரத்து இரண்டு. மே மாதத்தில் மூன்று வயதுக் குதிரையின் கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பற்கள் இருக்கும், நான்கு வயதுக் குதிரைக்கு நான்கு இருக்கும். வாயைத் திறந்து எண்ணத் தெரிந்தால் போதும். எங்கள் பக்கத்தில் இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று மாட்டுக்குச் சொல்வதும் இதே கணக்கின் இன்னொரு வடிவம்தான்.

அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் பல ஆண்டுகள் பணியில் இருந்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் வாயைத் திறந்து காட்டுவதில் மட்டும் தயங்கியதே இல்லை. தயங்காததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை கிழட்டுக் குதிரை ஒன்றின் பற்களை அரத்தால் ராவி, நடுவில் குழி தோண்டிக் கரி ஏற்றி, ஆறு வயது என்று விற்றுவிட்டார்கள். நானும் ஆறு வயது என்றே சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் மூன்றாம் மாதம் வந்து என் மேசைமேல் அந்தக் காகிதத்தை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்கும் குதிரையை இரண்டு முறை பிடித்துப் பார்க்க வேண்டும்.

15 ஜூன் 2025

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. அதே 1844 டெர்பியில் லியாண்டர் என்ற குதிரை ஓடும்போது கால் முறிந்து கொல்லப்பட்டது. அதன் தாடையை எடுத்து ஆராய்ந்தபோது அதுவும் நான்கு வயது என்று தெரிந்தது. மூன்று வயதுப் பந்தயத்தில் இரண்டு நான்கு வயதுக் குதிரைகள். ஒன்று உயிரோடு ஓடி மறைந்து தப்பித்தது, மற்றொன்று செத்ததால் மாட்டிக்கொண்டது.

ஒரு வயது கூடினால் அவ்வளவு வேறுபாடு வந்துவிடுமா என்று சந்தேகப்படுபவருக்கு: இன்றும் இரு வயதினரும் சேர்ந்து ஓடும் பந்தயங்களில், இந்தத் தூரத்துக்கு ஜூன் மாதத்தில் நான்கு வயதுக் குதிரை 5 கிலோவுக்கு மேல் கூடுதல் சுமக்க வேண்டும். அந்தச் சுமை இல்லாமல் ஓட விட்டால் அது எட்டாம் வகுப்புப் பந்தயத்தில் பத்தாம் வகுப்பு மாணவனை இறக்கியது போல.

20 ஜூன் 2025

ரன்னிங் ரெயின் கதை நீதிமன்றத்தில் முடிந்தது. 1880இல் நடந்தது 130 ஆண்டு கழித்து ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று.

அந்த ஆண்டு வென்ற பெண்ட் ஆர், வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் செவலைக் குதிரை. சில வாரங்களுக்கு முன் வேறொரு குதிரை கடித்துக் குதறிய கையோடு ஃப்ரெட் ஆர்ச்சர் அதை ஓட்டி, ராபர்ட் த டெவில் என்ற குதிரையைத் தலை வித்தியாசத்தில் வென்றார். தோற்றவர்கள் சில வாரம் கழித்து ஆட்சேபம் எழுப்பினார்கள். ஓடியது பெண்ட் ஆர் அல்ல, அதே பண்ணையில் அதே ஆண்டு, அதே தந்தைக்குப் பிறந்த டாட்காஸ்டர் என்ற இன்னொரு செவலைக் குட்டி, குட்டிப் பருவத்திலேயே இரண்டும் மாறிவிட்டன என்றார்கள். நடுவர்கள் விசாரித்துத் தள்ளுபடி செய்தார்கள். கோமகனின் குதிரைக்காரர்களிடம் பதிவேடு இருந்ததே தவிர, பதிவேடும் குதிரையும் ஒன்றுதானா என்பதற்கு ஆள்சொல் மட்டுமே சாட்சி.

பெண்ட் ஆரின் எலும்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுத்த தாய்வழி மரபணுவை ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். பெண்ட் ஆரின் தாய் என்று பதிவேடு சொல்லும் குதிரையின் வழியோடு அது பொருந்தவில்லை, டாட்காஸ்டரின் தாய்வழியோடு பொருந்தியது. ஆட்சேபம் எழுப்பியவர்கள் சொன்னது சரியாக இருந்திருக்கலாம். பகடி என்னவென்றால், இன்று உலகில் ஓடும் சாதிக் குதிரைகளில் பெரும்பாலானவை ஆண்வழியில் இந்தக் குதிரைக்குத்தான் போய்ச் சேர்கின்றன. தகப்பன் இருவருக்கும் ஒன்றே என்பதால் அந்த வரிசைக்குப் பழுதில்லை, தாய் பெயர் மட்டும் எல்லாப் புத்தகங்களிலும் தவறாக அச்சாகிக்கொண்டிருக்கலாம்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது சுழி. அந்தியூரில் குதிரை வாங்க வருகிறவர் பல்லுக்கு முன்னால் சுழி பார்ப்பார். நெற்றிச் சுழி இப்படி இருந்தால் வீட்டுக்கு ஆகும், கழுத்தில் அப்படி இருந்தால் ஆகாது என்று ஒரு பெரிய சாத்திரமே உண்டு. நான் அதை மூடநம்பிக்கை என்று கேலி செய்தே பணிக்காலத்தை ஓட்டினேன். இங்கே பந்தயக் குதிரையின் கடவுச்சீட்டு ஒன்றைப் பார்த்தபோது, குதிரைப் படத்தின் மேல் நெற்றியிலும் கழுத்திலும் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருந்தார்கள். சுழி மாறாது, சாயம் பூசினாலும் போகாது. எங்கள் ஊர்க்காரர் அதில் அதிர்ஷ்டம் தேடினார், இவர்கள் அடையாளம் தேடினார்கள், உற்றுப் பார்த்தது இரண்டு பேரும்தான். இப்போது கழுத்தில் சிப்பும் வைக்கிறார்கள், மரபணுவும் பதிவாகிறது. குட்மன் லெவி இன்று பிறந்திருந்தால் வேறு தொழில்தான் பார்க்க வேண்டும்.

22 ஜூன் 2025

1913ஐத் தவிர்த்துவிட்டு எப்சம் வரலாறு எழுதுகிறேன் என்று ஒருவர் கடிந்திருக்கிறார். தவிர்க்கவில்லை, எழுதத் தயங்கினேன்.

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி வைல்டிங் டேவிசன், 1913 ஜூன் 4ஆம் தேதி டாட்டன்ஹாம் வளைவில் தடுப்புக்கு அடியில் புகுந்து பாதைக்குள் வந்தார். அரசர் ஐந்தாம் ஜார்ஜின் ஆன்மர் என்ற குதிரை அவர்மேல் மோதிற்று. நான்கு நாள் கழித்து அவர் இறந்தார். ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸ் பிழைத்தார். டேவிசனிடம் இயக்கத்தின் கொடிகள் இருந்தன, திரும்பிப் போவதற்கான ரயில் சீட்டின் பாதியும் இருந்தது. இதைக் கொண்டு அவர் சாக வரவில்லை, குதிரையின் கடிவாளத்தில் கொடியைக் கட்டவே வந்தார் என்பார்கள் ஒரு சாரார். டெர்பி நாளில் எல்லோரும் போய்வரும் சீட்டுத்தான் வாங்குவார்கள், அது எதையும் நிரூபிக்காது என்பார்கள் மற்றவர்கள். நடந்தது படச்சுருளில் இருக்கிறது, நானும் பல முறை ஓட்டிப் பார்த்தேன். கைகளை உயர்த்துவது தெரிகிறது. மனத்தில் என்ன இருந்தது என்பதற்குப் பல்லும் இல்லை, சுழியும் இல்லை.

அதே பந்தயத்தில் முதலில் வந்த கிராகனூர் மற்ற குதிரைகளை இடித்தது என்று நடுவர்களே ஆட்சேபம் எழுப்பித் தகுதி நீக்கி, 100க்கு 1 என்று எவரும் சீந்தாத அபோயருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கிராகனூரின் உரிமையாளர், முந்தைய ஆண்டு மூழ்கிய டைட்டானிக்கின் நிறுவனத் தலைவருக்குத் தம்பி என்பதால் பழி தீர்த்தார்கள் என்றொரு பேச்சு உண்டு. நாணயக் கதையைப் போலவே இதையும் நான் கதைக் கணக்கில்தான் எழுதுவேன்.

29 ஜூன் 2025

இந்தியத் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு. 1934இல் வின்சர் லேட் என்ற குதிரை டெர்பியை வென்றது. உரிமையாளர் நர்மதைக் கரைச் சிற்றரசான ராஜ்பிப்ளாவின் மகாராஜா விஜயசிங், ஜாக்கி சார்லி ஸ்மர்க். எல்லோரும் பணம் கட்டியிருந்தது அதுவரை தோல்வியே காணாத இன்னொரு குதிரைமேல், அதன் பெயர் கொலம்போ. அது மூன்றாவதாக வந்தது. அன்று கொழும்பைத் தோற்கடித்தது குஜராத் என்று எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத்து மருமகனிடம் சொன்னேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

டெர்பியை வென்ற முதல் இந்தியர் அந்த மகாராஜா.

30 ஜூன் 2025

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு பேர் உடனே பிடித்துவிட்டார்கள். மூன்றாம் ஆகா கான் 1877இல் கராச்சியில் பிறந்தவர், பம்பாயில் குடும்பத்தின் குதிரை லாயத்தோடு வளர்ந்தவர். அவருடைய பிளென்ஹைம் 1930இலேயே டெர்பியை வென்றுவிட்டது. பிறகு 1935இல் பஹ்ராம், 1936இல் மஹ்மூத், 1948இல் மை லவ், 1952இல் டுல்யார். திருத்திக்கொண்டு எண்ணிப் பார்த்தால், என் தவறான வாக்கியத்தைவிட உண்மை பெரிதாக இருக்கிறது. 1930 முதல் 1936 வரையான ஏழு டெர்பிகளில் நான்கை வென்ற உரிமையாளர்கள் நம் துணைக்கண்டத்தில் பிறந்தவர்கள். அது பிரிட்டன் இந்தியாவை ஆண்ட காலம் என்பதையும், அந்தப் பணம் யாருடைய வரியிலிருந்தும் காணிக்கையிலிருந்தும் வந்தது என்பதையும் மறக்காமல்தான் எழுதுகிறேன். ஆனால் எப்சம் மரக்கம்பம் அதையெல்லாம் கேட்பதில்லை.

1 ஜூலை 2025

டெர்பி எப்போதும் புதன்கிழமை நடந்தது, 1995இல்தான் சனிக்கிழமைக்கு மாறியது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் சரி, முழுவதும் சரியல்ல. நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். 1780 மே 4 வியாழக்கிழமை. 1913இல் டேவிசன் வந்த நாள் புதன். ஆனால் 1953 ஜூன் 6, அதாவது எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு நான்காம் நாள் நடந்த டெர்பி, சனிக்கிழமை.

அந்த 1953 பந்தயத்தைப் பற்றி இரண்டு வரி. மொத்தம் 26 பருவங்களில் மற்ற எவரையும்விட அதிகப் பந்தயங்களை வென்ற ஜாக்கியான கார்டன் ரிச்சர்ட்ஸ் அதுவரை ஒரு டெர்பிகூட வென்றதில்லை. 28ஆவது முயற்சியில் பின்ஸாவின் மேல் வென்றார், இரண்டாவதாக வந்தது அரசியின் ஆரியோல். மறு ஆண்டே 18 வயது லெஸ்டர் பிகாட் தம் முதல் டெர்பியை வென்று, பிறகு மொத்தம் ஒன்பதை எடுத்துக்கொண்டார். குதிரைக்கு ஒரே வாய்ப்பு என்று எழுதினேனே, மனிதருக்கு அப்படி இல்லை.

6 ஜூலை 2025

இன்று காலை ஓக்ஸ் பூங்காவுக்கு நடக்கப் போனேன். டெர்பி பிரபுவின் மாளிகை இருந்த இடம் அதுதான், கார்ஷால்டன் பக்கம். மாளிகையை 1950களின் பிற்பகுதியில் இடித்துவிட்டார்கள். டெர்பி பிரபுவுக்கு முன்னால் அது பர்கோயின் தளபதியின் வசம் இருந்தது, 1777இல் சரடோகாவில் அமெரிக்கர்களிடம் சரணடைந்தவர் அவர்தான். இப்போது புல்தரையும் பழைய மரங்களும் நாய் நடத்துகிறவர்களும் மட்டும். நாணயம் சுண்டியதாகச் சொல்லப்படும் அறை இங்கே எங்கே இருந்திருக்கும் என்று நின்று பார்த்தேன். ஒரு பையன் பந்தை என் காலடியில் உருட்டிவிட்டான்.

அங்கே நின்றபோது ஒன்று பட்டது, அதை எழுதத்தான் இந்தக் குறிப்பு. இப்போது இங்கே எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1, எந்த மாதம் பிறந்தாலும் அன்று ஒரு வயது கூடும். ஆனால் அந்த வழக்கம் நியூமார்க்கெட்டில் 1830களில்தான் வந்தது, மற்ற களங்கள் அதற்கும் பிறகு மாறின. அதற்கு முன் குதிரைகளின் பொதுப் பிறந்தநாள் மே 1. முதல் டெர்பி நடந்தது 1780 மே 4. அப்படியானால் கணக்குப்படி டயோமெட் மூன்று வயதுக் குதிரையாகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒரு வாரம் முன்னால் வைத்திருந்தால் அது இரண்டு வயதுக் குதிரைகளின் பந்தயம்.

அந்த டயோமெட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இங்கிலாந்தில் அது குட்டிக்கு ஆகாது என்று மதிப்பிழந்து, 1798இல், 21 வயதில், 50 கினிக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு விற்கப்பட்டது. அந்த வயதில் எங்கள் சந்தையில் குதிரையை வண்டிக்குக்கூட எடுக்க மாட்டார்கள். அங்கே போய் அது சர் ஆர்ச்சி என்ற குட்டிக்குத் தந்தையாகி, அமெரிக்கச் சாதிக் குதிரைகளின் பெரிய வம்சம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, 31 வயதில் இறந்தது. பல்லைப் பார்த்து வயது சொல்லலாம், மற்றதைச் சொல்ல முடியாது. 1798இல் நான் இருந்திருந்தால் கழித்துவிடலாம் என்றுதான் எழுதியிருப்பேன்.

12 ஜூலை 2025

தொடங்கிய வாசகர் மீண்டும் வந்து, பன்பரிக்குக் கடைசிவரை ஒரு பந்தயம்கூட இல்லாமல் போயிற்றே என்று வருத்தப்படுகிறார். வருத்தம் வேண்டாம். டயோமெட்டுக்குப் பிறகு 1801இல் அவருடைய எலினார், டெர்பியை வென்ற முதல் பெட்டையாகி, மறுநாளே ஓக்ஸையும் வென்றது. இன்றுவரை டெர்பியை வென்ற பெட்டைகள் மொத்தமே ஆறு, கடைசியாக 1916இல் ஃபிஃபினெல்லா. டெர்பி பிரபுவோ தம் பெயருள்ள பந்தயத்தைத் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 1787இல் சர் பீட்டர் டீசிலைக் கொண்டு வென்றார். அவர் குடும்பத்துக்கு அடுத்த வெற்றி 1924இல்தான் வந்தது.

பன்பரி பெயரிலும் பந்தயம் இருக்கிறது. ஒவ்வொரு ஜூலையிலும் நியூமார்க்கெட்டில் பன்பரி கோப்பை ஓடுகிறது. ஏழு ஃபர்லாங், குதிரைக்கு ஏற்றபடி சுமை. மூன்று வயதும் அதற்கு மேலும் எந்த வயதுக் குதிரையும் ஓடலாம்.